இழவு வீட்டு நேரலையும் நானும்

வருகிறவர்களை ‘வாங்க’ என்று கூப்பிடவும் கூடாது, போகிறவர்களை ‘போயிட்டு வாங்க’ என்று வழியனுப்பவும் கூடாது; இப்படி ஒரு தொழிலை வேறு யாராவது செய்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நான் செய்கிறேன். குன்னூரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்து, கல்யாணம், சீர், காதுகுத்து என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். கொரோனா வந்தபோது மலையேறுவதற்கு இ-பாஸ் கேட்டார்கள். மேலே அப்பா கண்ணை மூடினால் கீழே இருக்கிற மகனால் வந்து சேர முடியவில்லை. அப்படி ஒரு வீட்டில் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, லிங்க் போட்டு, மகனுக்கு அனுப்பி வைத்தேன். கொரோனா போய்விட்டது, இந்த வேலை போகவில்லை. பிள்ளைகள் துபாயிலும் கனடாவிலும் இருக்கிறார்கள், மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிகிறது, சாவு யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

வேலை என்னவோ ஒன்றுதான். வர முடியாதவருக்கு, உடலை எடுப்பதற்குள் முகத்தைக் காட்டிவிட வேண்டும். பந்தலைக் காட்டாவிட்டாலும் மன்னித்துவிடுவார்கள், மாலையைக் காட்டாவிட்டாலும் மன்னித்துவிடுவார்கள். முகத்தைக் காட்டாமல் விட்டால் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார்கள். நான் சாவு வீட்டில் கேமராவோடு நிற்பேன். என் மனைவி மகேஸ்வரி எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, லிங்க்கில் வருகிறவர்களை உள்ளே விடுவாள், சத்தம் போடுகிறவர்களின் வாயை மூடுவாள். மேட்டுப்பாளையத்துக்காரி. இரண்டாவது வேலைக்கு அவளுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை.

செல்போன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்வது, எப்போது எழுந்து போவது, நடுவில் காபி குடிக்கலாமா என்று தெரியாமல் நீங்களும் ஒரு தடவையாவது தவித்திருப்பீர்கள். இந்தப் பக்கம் நின்று தவித்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

வர்றேன் என்று சொன்னவர்

ஆரம்பத்தில், உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ‘நல்வரவு’ என்று ஒரு வரி தானாகவே போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. திருப்பூர்ப் பெரியவர் ஒருவர் போன் போட்டு மகேஸ்வரியைப் பிடிபிடியென்று பிடித்த பிறகுதான் தெரிந்தது. சாவு வீட்டில் வாசலில் நிற்கிறவர்கள் கையை நீட்டுவார்களே தவிர, யாரையும் வாயால் வரவேற்க மாட்டார்கள். கம்ப்யூட்டருக்கு யார் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த வரியைக் கண்டுபிடித்து அழிப்பதற்குள் எங்களுக்கு வேர்த்துவிட்டது.

போவதில் மட்டும் பிரச்சினை வராது என்று நினைத்தேன். துக்க வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதுதான் மரியாதை. செல்போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஆள் மறைந்துவிடுகிறார். இவ்வளவு பொருத்தமான ஏற்பாடு பந்தல் போட்ட சாவிலேகூடக் கிடையாது. ஆனால் அருவங்காட்டில் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். வேலைக்காலத்தில் மீட்டிங் மீட்டிங்காகப் பார்த்தவர். ஒரு சாவுக்கு லிங்க்கில் வந்து, கடைசி வரைக்கும் கண்ணியமாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அழுது ஓய்ந்து, வீடே அமைதியாக இருந்த நேரத்தில் மைக்கை ஆன் செய்து, கணீரென்று, ‘ஓகே, எல்லாருக்கும் தேங்க்ஸ், அப்ப நான் வர்றேங்க!’ என்று சொல்லி மறைந்தார். ஸ்பீக்கர் என் பக்கத்தில் இருந்ததால் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். இறந்தவரின் மச்சினர் மெதுவாக என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“வர்றேன்னு வேற சொல்லிப்போட்டுப் போறாரு. அடுத்து எந்த ஊட்டுக்குங்க வர்றாரு?”

வாய்ப்பூட்டுக்குள் ஒப்பாரி

கோத்தகிரியில் ஒரு சாவு. இறந்தவரின் அக்கா அவிநாசியில் இருந்தார். முழங்கால் வலி, மலையேற முடியாது. ஆனால் அந்தப் பக்கம் எந்த வீட்டில் எழவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவர்தான் முன்னால் நிற்பாராம். ‘அத்தை குரல் கேக்காம எங்கப்பனுக்குப் போற வழி தெரியாதுங்க’ என்று மகனே சொன்னார். அவிநாசி அக்கா செல்போனில் ஆரம்பித்தார். இங்கே இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒப்பாரி என்றால் ஒருத்தர் வரி எடுக்க, மற்றவர்கள் அதன் வாலைப் பிடித்து அழ வேண்டும். செல்போனில் வால் முதலில் வந்தது, தலை பின்னால் வந்தது. போதாததற்கு, அந்த சாஃப்ட்வேர் ஒப்பாரியை மிக்ஸி சத்தம் என்று நினைத்து வடிகட்ட ஆரம்பித்தது. ‘என்னப் பெத்த ராசா’ என்று அவர் அழுதால் இங்கே ‘சா’ மட்டும் வந்து விழுந்தது.

சடங்கு செய்பவர் ‘ஒண்ணுமே காதுல விழலைங்க’ என்று கையை விரித்தார். மகேஸ்வரி அக்காவின் மைக்கை அணைத்தாள். சடங்கு முடிந்ததும் திறக்க நினைத்திருந்தாள். அதற்குள் கனடாவிலிருந்து நாலைந்து பேர் லிங்க் வாசலில் வந்து நிற்க, மறந்துவிட்டாள். அங்கே அக்கா கூந்தலை அவிழ்த்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, தம்பி பால் குடித்த நாளிலிருந்து தொடங்கி, தம்பி பெண்டாட்டி ஒரு பொங்கலுக்குச் சரியாகக் கவனிக்காதது வரைக்கும் ஒன்று விடாமல் பாடி முடித்திருக்கிறார். தண்ணீர் குடிக்க நிமிர்ந்தபோதுதான் மைக் மேல் சிவப்புக் கோடு இருந்ததைப் பார்த்தாராம். மகேஸ்வரிக்குப் போன் வந்தது. திட்டுவார் என்று நினைத்தால், தொண்டை கட்டிய குரலில் நிதானமாகக் கேட்டார்:

“ஏனுங்க அம்மிணி, நான் அழுதது ஒருத்தருக்கும் கேக்கலையாமா? அப்ப மொதல்ல இருந்து அழட்டுங்களா?”

கேரட் பேச்சு

பிக்கட்டியில் ஒரு கேரட் விவசாயி காலமானார். சொந்தத்தில் பாதிப் பேர் மேட்டுப்பாளையம் மண்டியில் வேலை பார்க்கிறவர்கள். ஏல நேரம் ஆனதால் மண்டியில் நின்றபடியே செல்போனில் கலந்துகொண்டார்கள். ஒருவர் முகத்துக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகக் கேரட் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே பெண்கள் அழுகிறார்கள், மகன் தலையில் கையை வைத்துக்கொண்டிருக்கிறார், துக்கத்துக்கு வந்த அக்கம்பக்கத்து விவசாயிகள் என் மானிட்டரையே கண்ணிமைக்காமல் பார்க்கிறார்கள். சாவு வீட்டில் இவ்வளவு பேர் திரையைக் கவனித்து நான் பார்த்ததில்லை. பிறகுதான் புரிந்தது, அவர்கள் பார்த்தது மூட்டையை. ஒருவர் பொறுக்க மாட்டாமல் துண்டால் வாயைப் பொத்தியபடி மைக்குக்குக் கிட்டே வந்தார்:

“நல்ல மனுசன், போயிட்டாருங்க... ஆமா, உங்களுக்குப் பின்னால எறங்குதே அந்தச் சரக்கு, என்ன வெலைக்குப் போச்சுங்க?”

கேமராவும் குளியலும்

சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குக் குளிக்க வேண்டும். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு சடங்கு. ஊட்டியில் உறைபனிக் காலத்தில் அது ஒரு கண்டம். ஊட்டியிலிருந்து ஒரு அம்மா, பனி புல் மேல் வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு காலையில், மகேஸ்வரிக்குப் போன் போட்டு, ‘செல்போன்ல துக்கத்துக்கு வந்தா குளிக்கோணுங்களா?’ என்று கேட்டார். அந்த வீட்டில் கீசர் வேறு ரிப்பேர். சாஸ்திரம் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் கேட்டிருப்பாள். இல்லை. எனவே தானே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: கேமரா ஆன் செய்திருந்தால் தலைக்குக் குளிக்க வேண்டும், ஆஃப் செய்திருந்தால் கை கால் கழுவினால் போதும்.

இந்தத் தீர்ப்பு மலை முழுக்கப் பரவிய வேகத்தில் கொரோனாகூடப் பரவவில்லை. அடுத்த சாவில் ஒரு கேமராகூட ஆன் ஆகவில்லை. மானிட்டர் முழுக்கக் கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள் முதலெழுத்து மட்டும். இறந்தவரின் தம்பி மானிட்டருக்கு முன்னால் வந்து நின்று பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். துக்க வீட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். அவர் நொந்துபோய்ச் சொன்னார்:

“ஆரு வந்தாங்கன்னு மூஞ்சியவே காட்டலைன்னா, நாளைக்கு நான் ஆரு எழவுக்குங்க திருப்பிப் போறது?”

முச்சந்தி வரைக்கும்

குன்னூரில் ஒரு வாத்தியார் இறந்துபோனார். ஒரே மகள் கவிதா, துபாயில். விமானம் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த வரைக்கும் கூட்டம் கேமராவை மறைத்துக்கொண்டே இருந்ததால் அவளால் அப்பா முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. சுடுகாட்டில் கடைசியாக முகத் துணியை விலக்குவார்கள். அங்கே காட்டுகிறேன் என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பாடை முச்சந்திக்கு வந்தது. வழக்கம்போலப் பெண்கள் நின்றுகொண்டார்கள். சடங்குகளை முன்னின்று நடத்திய சின்னராசு மாமா என் கையில் இருந்த செல்போனைப் பார்த்தார். அதில் கவிதா இருந்தாள். ‘இந்தப் புள்ளையும் இதோட நின்னுக்கட்டும்’ என்றார்.

‘மாமா, நான் துபாய்ல இருக்கேன் மாமா’ என்றாள் கவிதா. ‘எங்க இருந்தாலும் பொம்பள பொம்பளதானம்மா. காட்டுக்கு வரக் கூடாது’ என்றார் அவர். அவள் அழ ஆரம்பித்தாள். கொடுத்த வாக்கு என்ன ஆவது? ‘தம்பி, இதுக்குள்ள இருக்கிற பொம்பளைங்களை எல்லாம் வெளிய அனுப்பீருங்க’ என்று மாமா உத்தரவு போட்டார். அப்போது ஸ்பீக்கரில் மகேஸ்வரியின் குரல் கேட்டது: ‘எல்லாப் பொம்பளைங்களும்னா நானுந்தானுங்க. நான் வெளிய போனா மீட்டிங்கே முடிஞ்சுருமுங்க. கனடாவுல இருக்கிற உங்க பையனையும் சேர்த்துக் கூட்டிட்டுத்தான் போவேன், பரவால்லீங்களா?’ பாடையைத் தூக்கியிருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். மாமா வானத்தைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், கடைசியில் இறங்கி வந்தார்:

“சரி, வந்து தொலையட்டும். ஆனா காலைக் கீழ வெக்காம வரச் சொல்லுங்க.”

மஞ்சள் சேலை

கோத்தகிரி போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டில் செல்லம்மா என்று ஒரு அம்மா இறந்துபோனார். கடைசி வரைக்கும் கொழுந்து பறித்தவர். கல்யாணமான புதிதில் இலங்கையிலிருந்து புருசனோடு கப்பலேறி வந்தவர். அவருடைய அண்ணன் முத்தையா அங்கேயே, ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தங்கிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. முதலில் பாஸ்போர்ட் இல்லை, பிறகு பிள்ளைகள், பிறகு வயசு. மகன் ரவி பிக்-அப் வண்டி ஓட்டுகிறவர். அவர் என்னைத் தேடி வந்து சொன்னது இதுதான்: ‘எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதாண்ணா கேட்டுச்சு. அண்ணன் கோடி போட்டுத்தான் என்னைத் தூக்கணும்னு சொல்லிச்சு.’

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் புதுச் சேலை மேலே விழுந்த பிறகுதான் எடுப்பார்கள். நான் என் அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு யோசனை சொன்னேன்: குன்னூரில் ஒரு சேலை வாங்கி, முத்தையா பெயரைச் சொல்லி யாராவது போடட்டும், அவர் திரையில் பார்த்துக்கொள்ளட்டும். எல்லோரும் சரி என்றார்கள், முத்தையாவைத் தவிர.

டேப்லெட்டில் ஹட்டன் படத்தை மட்டும் திரை முழுக்க வைத்து, செல்லம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். குரங்குக் குல்லா போட்ட மெலிந்த முகம். தங்கையை ரொம்ப நேரம் பார்த்தார். ‘காது அப்படியே எங்கம்மா காது’ என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு மஞ்சள் சேலையை எடுத்துக் காட்டினார். ‘விடியவே கடைக்காரரை எழுப்பி வாங்கியாந்துட்டேன் தம்பி. இதைத்தான் போடணும்.’ அது அங்கே அல்லவா இருக்கிறது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ‘எனக்கு விளங்குது தம்பி. வர ஏலாதுன்னும் விளங்குது. ஆனா நீங்க அங்க வாங்கிப் போட்டா, அது நீங்க போட்ட கோடி. நான் போட்டது ஆகுமா?’

லயத்துத் தலைவர் ராமையா, அங்கே நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான், ‘அவரு சொல்றது ஞாயந்தானே’ என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிட்டது. பனிமூட்டம் தேயிலைச் செடிகளை மூடிக்கொண்டு மேலே வந்தது. வெட்டி வைத்த குழியில் தண்ணீர் ஊறுகிறது என்று ஆள் வந்து சொன்னார். ரவி அம்மாவின் காலடியில் உட்கார்ந்து தேம்பினார். குரலைக் கொண்டுவருகிறேன், முகத்தைக் கொண்டுவருகிறேன் என்று பீற்றிக்கொள்கிற என் கருவிகளால் ஒரு முழத் துணியைக் கொண்டுவர முடியவில்லை. எனக்கே அவமானமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முத்தையா கேட்டார்: ‘தம்பி, முகம் பார்த்தாச்சு, போதும். அந்தப் போனை அவ நெஞ்சு மேல வெப்பீங்களா?’ டேப்லெட்டை வைத்தேன். அவர் அந்தப் பக்கம் தன்னுடைய செல்போனைத் தரையில் கிடத்துவது தெரிந்தது. திரையில் அவர் வீட்டுக் கூரைத் தகரம் ஒரு கணம் ஆடியது. பிறகு திரை முழுக்க மஞ்சள். என் காதில் இருந்த இயர்போனில் மகேஸ்வரி பதறினாள்: ‘ஏனுங்க, ஹட்டன் கேமரா போயிருச்சுங்க! வெளிய எடுத்துட்டு மறுக்கா உள்ள உடட்டுமா?’ நானும் அவசரமாகக் கையை நீட்டினேன். மஞ்சளுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. ‘தொடாதீங்க தம்பி. லைன் போகல. கோடி போட்டிருக்கேன்.’

லயமே அழுதது. நானும் அழுதேன், வேலை நேரத்தில் அழக் கூடாது என்ற என் கொள்கை அன்றைக்குப் போயிற்று. உற்றுப் பார்த்தால் திரையில் சேலையின் இழைகள் தெரிந்தன, வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்துகொண்டிருந்தது. ‘தூக்குங்கப்பா’ என்றார் ராமையா. தூக்கப் போனவர்களை மறுபடி அவரே நிறுத்தினார். ‘இருங்க. போட்ட கோடியைத் திருப்பி எடுக்கக் கூடாதே. கோடி ஆளோடதானே போகணும்?’

எல்லோரும் டேப்லெட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. முந்தின நாள் எடுத்த ஒரு நிச்சயதார்த்தம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. கையில் எடுத்தால் கோடியை எடுத்தவன் ஆவேன்; பொத்தானை அமுக்கினால் கோடியை அணைத்தவன் ஆவேன். முத்தையாவையே எடுக்கச் சொல்லலாமா என்று ரவி கேட்டதற்கு, மஞ்சளுக்கு அடியிலிருந்து, ‘போட்ட கையாலயே எடுக்கிறதா?’ என்று பதில் வந்தது. இயர்போனில் மகேஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: ‘கேட்டாங்கன்னாக் குடுத்துருங்க.’

அப்படியே தூக்கினார்கள். செல்லம்மாவின் நெஞ்சில் மஞ்சள் திரை, பின்னால் நான். ஃபேக்டரியைத் தாண்டினால் அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ சாவில் அந்த மாதிரி வளைவுகளில் என் நெஞ்சு பதறியிருக்கிறது. அன்றைக்குத்தான் எப்போது போகும், எப்போது போகும் என்று நடந்தேன். ஃபேக்டரி போயிற்று, மஞ்சள் போகவில்லை. ஓடையைத் தாண்டியாயிற்று, போகவில்லை. ஒரு போன் பேச மேட்டில் ஏறி நிற்க வேண்டிய அந்த எஸ்டேட்டில், டவர் அன்றைக்கென்று கடமை தவறாமல் உழைத்தது. குழி மேட்டில் இறக்கி வைத்தார்கள். மூட்டம் வந்து எங்களைச் சுற்றிக்கொண்டது. திரை ஒரு தடவை நடுங்கியது, அப்படியே உறைந்தது, தானாகக் கறுத்தது. ராமையா குனிந்து பார்த்தார், எல்லோருடைய கையையும் ஒரு சுற்றுப் பார்த்தார்:

“யாரும் எடுக்கலியே? தானாத்தானே போச்சு? அப்பச் சரி, கோடி அவ கூடப் போயிருச்சு; தம்பி, நீங்க உங்க சாமானை எடுத்துக்கங்க.”

சிக்னல் போய்விடக் கூடாது என்று மலையில் உள்ள அத்தனை சாமிகளையும் கும்பிட்டுப் பிழைக்கிற நான், சிக்னல் போனதற்காகத் தேங்காய் உடைத்தது அந்த ஒரு தடவைதான்.